கடற்காகம்: முதலில் வயது, பிறகு இனம் – இறகுகளை வைத்து அடையாளம் காணும் முழுமையான வழிகாட்டி

பறவை நோக்குவதில் நன்கு பழகியவர்கள்கூடக் கடற்காகக் கூட்டத்தைக் கண்டால் தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பிவிடுவதுண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கையேட்டைத் திறந்தால் ஒரே இனத்துக்கு எட்டுப் படம், பத்துப் படம். எதிர்ப்பக்கத்தில் இன்னோர் இனம், அதற்கும் அதே அளவு படங்கள். கரையில் நிற்கும் பறவையோ இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி பொருந்துகிறது.

இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி, கேள்வியைத் தவறான இடத்தில் தொடங்குவதால் வருவது. “இது என்ன இனம்?” என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி “இதற்கு என்ன வயது?” என்பதுதான். ஒரே வயதுடைய இரண்டு வேறு இனங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இனத்தின் முதலாண்டுப் பறவைக்கும் முதிர்ந்த பறவைக்கும் உள்ள வித்தியாசம் பல மடங்கு பெரியது. முதலாவது பழுப்புப் புள்ளிகள் நிறைந்தது, அலகு கருப்பு. இரண்டாவது வெள்ளையும் சாம்பலும், அலகு மஞ்சள். வயதை விட்டுவிட்டு நிறத்தைப் பார்த்தால் இவை இரண்டும் உறவே இல்லாத பறவைகளாகத்தான் தெரியும்.

உலகில் சுமார் 50 கடற்காக இனங்கள் உள்ளன. 25 முதல் 30 செ.மீ. நீளமே உள்ள சிறு கடற்காகம் ஒரு முனை. 64 முதல் 79 செ.மீ. வரை வளரும் பெரிய கருமுதுகுக் கடற்காகம் மறுமுனை. பொதுவாக, உடல் பெரிதாக ஆக முதிர்ந்த தோற்றத்துக்கு வந்து சேரும் காலமும் நீளும். கருந்தலைக் கடற்காகம் போன்ற சிறியவை இரண்டாவது குளிர்காலத்திலேயே முதிர்ந்த தோற்றம் பெற்றுவிடும். இவற்றை இரண்டாண்டு வகை என்பார்கள். வளையலகுக் கடற்காகம் போன்ற நடுத்தர அளவுள்ளவை மூன்றாண்டு வகை. ஹெர்ரிங், சிறு கருமுதுகு, காஸ்பியன், பல்லாஸ் போன்ற பெரியவை நான்காண்டு வகை. உங்கள் முன் நிற்கும் பறவை இந்த மூன்றில் எந்த வகை என்று அளவை வைத்து ஊகித்துக்கொண்டால் பாதி வேலை எளிதாகும்.

முதல் படி: இறகுதிர்வின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

முழுதாக வளர்ந்த இறகு உயிரற்ற பொருள். உள்ளிருந்து அதன் நிறம் மாறாது. வெயிலில் வெளுக்கலாம், உரசித் தேயலாம், அவ்வளவுதான். பழுப்பு முதுகில் சாம்பல் நிறம் வந்திருக்கிறது என்றால், பழுப்பு இறகு உதிர்ந்து அந்த இடத்தில் சாம்பல் இறகு முளைத்திருக்கிறது என்று பொருள். ஆகவே கடற்காகத்தின் உடலில் தெரியும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு. எது பழைய இறகு, எது புதிய இறகு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வரும்.

பெரும்பாலான கடற்காகங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு இறகுதிர்வுகள். இனப்பெருக்கம் முடியும் தறுவாயில் தொடங்குவது முழு இறகுதிர்வு. தலை, உடல், இறக்கை, வால் அனைத்தும் மாறும். குளிர்காலத்தின் பிற்பகுதியில் வருவது பகுதி இறகுதிர்வு. இதில் தலையும் உடலும் மட்டும் புதுப்பிக்கப்படும். இறக்கைச் சிறகுகள் அப்படியே இருக்கும். கருந்தலைக் கடற்காகத்துக்குக் கோடைக்கால முகமூடி, அதாவது தலையை மூடும் அடர்நிறம், வருவது இந்தப் பகுதி இறகுதிர்வில்தான்.

விதிவிலக்கு இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ஃபிராங்ளின் கடற்காகம் ஆண்டுக்கு இரண்டு முறையும் முழுதாக உதிர்க்கிறது. சபைன் கடற்காகம் தன் முழு இறகுதிர்வைத் தெற்கே குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறது. மற்றவற்றுக்கு மேலே சொன்ன கணக்கே போதும்.

இறக்கையின் வெளிப்பகுதியில் உள்ள நீண்ட சிறகுகளை முதன்மைச் சிறகுகள் என்கிறோம். பக்கத்துக்குப் பத்து. உடலுக்கு அருகில் இருப்பது ஒன்றாவது, இறக்கை நுனியில் இருப்பது பத்தாவது. உதிர்வு ஒன்றில் தொடங்கி வரிசை மாறாமல் பத்தை நோக்கி நகரும். ஒரே நேரத்தில் எல்லாம் உதிர்ந்தால் பறக்க முடியாதல்லவா? அதனால் பெரிய இனங்களில் இந்த வரிசை முடியப் பல மாதங்கள் ஆகும். முதிர்ந்த ஹெர்ரிங் கடற்காகம் மே மாத வாக்கில் முதல் சிறகை உதிர்த்து, பத்தாவது சிறகு முழுதாக வளர்வதற்குள் நவம்பர் ஆகிவிடும். கூடு கட்டும் வேலை இல்லாத இளம் பறவைகள் இதைவிட முன்னதாக, ஏப்ரல் மாத வாக்கிலேயே தொடங்கிவிடுகின்றன. இங்கே சொல்லும் மாதங்கள் வடகோளத்தில் இனப்பெருக்கம் செய்பவற்றுக்கானவை. தென்கோளத்து இனங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளிக் கணக்கிட வேண்டும்.

குஞ்சு முதன்முதலில் போர்த்திக்கொள்ளும் இறகுகளிலிருந்து, அடுத்த வசந்தத்தில் அதன் ஒன்றாம் முதன்மைச் சிறகு உதிரும் வரை உள்ள காலம் முதல் சுற்று. அந்தச் சிறகு விழுந்த நொடி இரண்டாம் சுற்று தொடங்குகிறது. இந்தச் சுற்று முறைக்கு வேர், 1959-இல் ஹம்ஃப்ரி, பார்க்ஸ் ஆகிய இரண்டு பறவையியலாளர்கள் வகுத்த பெயரிடும் முறை. “முதல் குளிர்காலம்”, “இரண்டாம் கோடை” என்று பருவத்தை வைத்துச் சொல்லும் பழைய வழக்கமும் இருக்கிறது. எனக்குச் சுற்றுதான் பிடிக்கும். இறகு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதை அது நேராகச் சொல்லிவிடுகிறது.

இரண்டாம் படி: எங்கே பார்ப்பது

நிற்கும் பறவையில் நான்கு இடங்கள் போதும். முதுகும் தோளும் சேரும் இடத்தில் இறக்கை மேல் சரிந்து கிடப்பவை தோள் இறகுகள். அவற்றுக்குக் கீழே மடித்த இறக்கையின் பக்கவாட்டில் வரிசை வரிசையாக இருப்பவை மூடு இறகுகள். அவற்றில் அடிவரிசைதான் பெரிய மூடு இறகுகள். வால் பக்கமாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய அகன்ற சில இறகுகள் மூன்றாம் நிலைச் சிறகுகள். அவற்றுக்கு அடியிலிருந்து பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கருப்பு முனைகள் முதன்மைச் சிறகுகள். பறக்கும்போது இவற்றோடு வால், பிட்டம், உள் முதன்மைச் சிறகுகள், இறக்கையின் அடிப்பகுதி ஆகியவையும் கண்ணில் படும்.

அலகு, கண், கால் நிறங்களைக் கடைசியில் பாருங்கள். அவை வயதுக்கு உதவும். ஆனால் பறவைக்குப் பறவை மாறும். இளம் பருவத்தில் பெரிய இனங்கள் அநேகமாக எல்லாவற்றுக்கும் கால் மங்கலான இளஞ்சிவப்புதான். மஞ்சள்கால் கடற்காகத்தின் முதலாண்டுப் பறவையிடம் மஞ்சள் காலைத் தேடுவது வீண்.

மூன்றாம் படி: பெரிய கடற்காகத்தின் வயதைக் கணித்தல்

ஹெர்ரிங் கடற்காகத்தை மாதிரியாக வைத்துக்கொள்வோம். அதன் படிநிலைகள் மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற நான்காண்டு வகைகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தே பிடித்துவிடலாம்.

ஜூலை, ஆகஸ்டில் கூட்டைவிட்டுப் புதிதாக வந்த பறவையின் இறகுகள் எல்லாம் ஒரே வயது. அதனால் தோற்றத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். பழுப்பு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு, மீன் செதில் போல வரிசை குலையாத அடுக்கு. அலகு முழுக்கக் கருப்பு. கண் கருமை. முதன்மைச் சிறகுகளின் முனை கூராக இருக்கும்.

இலையுதிர் காலத்தில் அந்த ஒழுங்கு கலையத் தொடங்கும். முதலில் மாறுவது தோள் இறகுகள். புதிதாக முளைப்பவற்றில் செதில் கோலம் இருக்காது. சாம்பல் கலந்த பழுப்பின் மேல் குறுக்குப் பட்டையோ நங்கூர வடிவக் கோடோ இருக்கும். இறக்கை மூடு இறகுகளோ இன்னும் பழையவை, விளிம்பு தேய்ந்தவை. தோளில் புதியது, இறக்கையில் பழையது: இந்த இரண்டு தலைமுறையும் அருகருகே தெரிந்தால், அதோடு முதன்மைச் சிறகு முனைகளும் கூராக இருந்தால், அது குளிர்காலத்து முதல் சுற்றுப் பறவை.

வசந்தம் வந்ததும் அதே பறவை பார்க்கவே பரிதாபமாக ஆகிவிடும். பழைய மூடு இறகுகள் வெளுத்து அழுக்கு வெள்ளையாகும், நுனி பிய்ந்திருக்கும். இந்தக் கட்டத்தில்தான் ஒன்றாம் சிறகு விழுந்து இரண்டாம் சுற்று தொடங்குகிறது. ஏப்ரலில் ஒரு பெரிய கடற்காகம் பறக்கும்போது இறக்கையின் நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தால், அது பெரும்பாலும் இளம் பறவை என்று இறகைப் பாராமலே சொல்லலாம். அப்போது முதிர்ந்தவை இன்னும் தொடங்கியிருக்காது.

இரண்டாம் சுற்றில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இலையுதிர் காலத்தில் பார்த்தால் இதுவும் பழுப்புப் பறவைதான். ஆனால் மூன்று இடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று, முதன்மைச் சிறகு முனைகள் இப்போது வட்டமானவை. இரண்டு, பெரிய மூடு இறகுகளில் முதல் சுற்றில் இருந்த தடித்த கட்டங்கள் போய், பொடியான, ஒழுங்கற்ற கோலம் வந்திருக்கும். மூன்று, அலகின் அடிப்பகுதி வெளிற ஆரம்பித்து நுனியில் மட்டும் கருப்பு நிற்கும். பல பறவைகளில் கண்ணும் வெளிறத் தொடங்கும். குளிர்காலம் நகர நகர, முதுகில் தூய சாம்பல் இறகுகள் திட்டுத் திட்டாக முளைக்கும்.

மூன்றாம் சுற்றுப் பறவை, முதிர்ந்த பறவையின் உடுப்பை அரைகுறையாக மாட்டிக்கொண்டதுதான். முதுகு முழுச் சாம்பல், தலையும் உடலும் வெள்ளை. ஆனால் மூடு இறகுகளில் பழுப்புச் சாயல் மிச்சம் இருக்கும், வாலில் கரும்புள்ளிகள் இருக்கும், அலகில் கருப்பு வளையம் இருக்கும். இறக்கை நுனியில் முதிர்ந்த பறவைக்கு இருக்கும் வெள்ளைத் திட்டுகள் சிறுத்தோ ஒன்றே ஒன்றாகவோ தெரியும். அலகின் கருப்பு வளையத்தைப் பார்த்து வளையலகுக் கடற்காகம் என்று முடிவுகட்டுபவர்கள் ஏராளம். உடல் அளவைப் பார்த்தால் அந்த ஐயம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நான்காம் சுற்றில் பழுப்பு போய்விடும். கீழலகின் கோணத்தில் சிவப்புப் புள்ளி பளிச்சென்று நிற்கும். இந்தப் புள்ளியைக் கொத்தித்தான் குஞ்சுகள் தாய் தந்தையிடம் இரை கேட்கின்றன. அதை ஆராய்ந்த நிகோ டின்பெர்கன் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர். குளிர்காலத்தில் முதிர்ந்த ஹெர்ரிங் கடற்காகத்தின் தலையில் பழுப்புக் கீற்றுகள் வரும். அதைக் கண்டு இளம் பறவை என்று எண்ணிவிட வேண்டாம். வாலையும் இறக்கை நுனியையும் பார்த்த பிறகே வயதை முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: சிறிய, முகமூடி உள்ள இனங்கள்

இங்கே வேலை குறைவு. இரண்டாண்டு வகை என்றால் இரண்டே கேள்வி: முதல் சுற்றா, முதிர்ந்ததா? முதல் சுற்றுப் பறவைக்கு வால் நுனியில் கருப்புப் பட்டை, இறக்கையின் முன்பகுதியில் பழுப்புப் பட்டை இருக்கும். முதுகு சீக்கிரமே சாம்பலாகிவிடுவதால் முதுகை நம்பக் கூடாது. வசந்தத்தில் இளம் பறவைக்கும் அரைகுறை முகமூடி வருவதுண்டு. அப்போதும் வால் பட்டை பழைய இறகில் அப்படியே இருக்கும். முகமூடியைப் பார்த்து வயது சொல்லாதீர்கள், வாலைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கருந்தலைக் கடற்காகத்தையும் பழுப்புத்தலைக் கடற்காகத்தையும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பழுப்புத்தலை மத்திய ஆசியாவின் உயர்ந்த மேட்டுநிலங்களில் இனப்பெருக்கம் செய்து குளிர்காலத்தில் தெற்காசியக் கரைகளுக்கு இறங்குவது. குளிர்காலத்தில் இரண்டுக்கும் முகமூடி இல்லை; கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். தலையை விட்டுவிட்டு இறக்கை விரிவதற்காகக் காத்திருங்கள். முதிர்ந்த கருந்தலையின் இறக்கை முன்விளிம்பில் நீண்ட வெள்ளை ஆப்பு ஒன்று நுனி நோக்கி ஓடும், அதன் பின்னோரத்தில் மட்டும் மெல்லிய கருப்பு. பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கருப்பு. அந்தக் கருப்புக்குள் தெளிவான வெள்ளைத் திட்டுகள், கருப்புக்கு உட்புறம் வெள்ளைப் பரப்பு. அருகில் நின்றால் கண்ணும் உதவும்: முதிர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிர் விழி, கருந்தலைக்குக் கரு விழி. முதல் சுற்றுப் பழுப்புத்தலைக்கு அந்த வெள்ளைத் திட்டுகள் இருக்காது, விழியும் கருமையாகவே இருக்கும். ஆகவே “திட்டு இல்லை, எனவே கருந்தலை” என்ற முடிவு வால் பட்டையைப் பார்த்த பிறகே செல்லும். மெல்லலகுக் கடற்காகம் இந்தக் கூட்டத்தில் கலந்திருந்தால், கோடையிலும் முகமூடி இல்லாத தலையும் சரிந்த நெற்றியும் நீண்ட அலகும் அதைத் தனித்துக் காட்டும்.

ஐந்தாம் படி: வயது தெரிந்த பிறகு இனம்

இப்போதுதான் கையேட்டைத் திறக்க வேண்டும். அதிலும் அந்த வயதுக்குரிய படங்களை மட்டும் பாருங்கள். மற்றவற்றைக் கையால் மறைத்துக்கொண்டாலும் தவறில்லை.

முதல் சுற்றுப் பெரிய கடற்காகங்களுக்கு மிக நல்ல அடையாளங்கள் விரித்த இறக்கையிலும் வாலிலும் இருக்கின்றன. ஹெர்ரிங் கடற்காகத்தின் உள் முதன்மைச் சிறகுகள் வெளிறி, இறக்கையின் நடுவே ஒரு சன்னல் திறந்தது போலத் தெரியும். சிறு கருமுதுகுக்கு அந்த வெளிர்ப் பகுதி கிடையாது. இறக்கையின் பின்பாதி முழுக்கக் கருமை. அதற்குப் பெரிய மூடு இறகுகளின் அடியும் கருமை என்பதால் இரட்டைக் கரும்பட்டை தெரியும். ஹெர்ரிங்கின் மூன்றாம் நிலைச் சிறகுகளில் விளிம்பு வெட்டு வெட்டாக இருக்கும். சிறு கருமுதுகு, காஸ்பியன் இரண்டுக்கும் அவை கருத்து, நுனியில் மட்டும் வெளிறியிருக்கும். வாலைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஹெர்ரிங்கின் பட்டை உட்புறம் கலங்கிப் பொடிப்பொடியாகக் கரையும். அமெரிக்க ஹெர்ரிங்கின் வால் ஏறக்குறைய முழுக்கக் கருமை. சிறு கருமுதுகு, காஸ்பியன் வால்களில் வெள்ளை அடிமேல் பட்டை துல்லியமாக வெட்டி நிற்கும். பெரிய கருமுதுகுக்குத் தடித்த கருப்பு அலகும் முதுகில் கரடுமுரடான கட்டங்களும் இருக்கும். வாலில் பட்டை மெல்லியது, உடைந்தது.

முதிர்ந்தவற்றில் முதுகின் சாம்பல் அடர்த்தி, கால் நிறம், கண் வளையத்தின் நிறம், இறக்கை நுனிக் கோலம் என்ற வரிசையில் போங்கள். ஹெர்ரிங்குக்குக் கால் இளஞ்சிவப்பு, முதுகு வெளிர்ச் சாம்பல். மஞ்சள்கால் கடற்காகத்துக்குக் கால் மஞ்சள், கண் வளையம் சிவப்பு, முதுகு ஒரு பங்கு அடர்த்தி கூடியது. சிறு கருமுதுகுக்கும் மஞ்சள் கால்தான். முதுகு கரும்சாம்பல் முதல் ஏறக்குறையக் கருப்பு வரை உள்ளினத்துக்கு உள்ளினம் மாறும். பெரிய கருமுதுகுக்குக் கருமுதுகும் இளஞ்சிவப்புக் காலும். பல்லாஸ் கடற்காகம் மட்டும் கோடையில் கருப்பு முகமூடி போடும் பெரிய கடற்காகம். குளிர்காலத்தில் கண்ணைச் சுற்றி அதன் கறை எஞ்சி நிற்கும். மஞ்சள் அலகில் கருப்பும் சிவப்பும் பட்டையாக இருக்கும்.

ஒரு பறவை, இறகு இறகாக

டிசம்பரில் சேற்றுத் திட்டில் ஒரு பெரிய கடற்காகம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றவை தலையைச் செருகித் தூங்குகின்றன, இது நின்று கோதிக்கொண்டிருக்கிறது. கோதும் பறவை கிடைப்பது நல்ல வாய்ப்பு. சற்று நேரத்தில் இறக்கையைக் கட்டாயம் விரிக்கும்.

முதலில் வயது. முதன்மைச் சிறகு முனைகள் கூர்மை. இறக்கை மூடு இறகுகள் பழுப்பு, விளிம்பு தேய்ந்தவை. தோள் இறகுகளோ புதியவை: வெளிர்ச் சாம்பல், நடுவில் மெல்லிய நங்கூரக் கோடு. இரண்டு தலைமுறை தெரிகிறது. அலகு கருமை. முதல் சுற்று என்பதில் ஐயமில்லை.

அடுத்து உருவம். தலை ஏறக்குறைய வெள்ளை. பிடரியில் மட்டும் பழுப்புக் கீற்றுகள் சால்வை போல இறங்குகின்றன. கண் சிறியது, கருமையானது. அலகு நீண்டு மெலிந்தது, மேல் கீழ் விளிம்புகள் ஏறக்குறைய இணையாக ஓடுகின்றன. கால் உயரம். மூன்றாம் நிலைச் சிறகுகள் கருத்து, நுனியில் வெள்ளை. விளிம்பில் வெட்டு இல்லை. ஹெர்ரிங் இங்கேயே விலகிவிடுகிறது.

இறக்கை விரிகிறது. அடிப்பகுதி வெண்மை. உள் முதன்மைச் சிறகுகளின் ஒரு பாதி வெளிர், மறுபாதி கருமை என்று கோடு கோடாகத் தெரிகின்றன. சிறு கருமுதுகாக இருந்தால் அந்த இடம் முழுக்கக் கருத்திருக்க வேண்டும், அதுவும் விலகுகிறது. வால் வெள்ளை, நுனியில் துல்லியமான கரும்பட்டை. இன்னும் விலக்க வேண்டியது பல்லாஸ். அது முதல் குளிர்காலத்திலேயே முதுகில் கோடில்லாத தூய சாம்பலைப் போட்டுக்கொள்ளும் இனம்; கண்ணுக்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறையும், அடி வெளிறி நுனி கருத்த அலகும் இருந்திருக்கும். இங்கே தோளில் நங்கூரக் கோடு, அலகு கருமை. ஆக, இது முதல் சுற்றுக் காஸ்பியன் கடற்காகம்.

ஒவ்வோர் அடையாளமும் ஏதோ ஓர் இனத்தை வெளியேற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். காஸ்பியனுக்கான ஒரே ஓர் அடையாளத்தைத் தேடிப் பிடித்து அதோடு நின்றிருந்தால் முடிவு பலவீனமாகவே இருந்திருக்கும்.

ஆறாம் படி: உதிரும் காலமே ஓர் அடையாளம்

இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. எனக்கோ இந்தக் கலையிலேயே மிகச் சுவையான பகுதி இதுதான். தெற்கே, முன்னதாகக் கூடு கட்டும் இனங்கள் முன்னதாகவே உதிர்க்கின்றன. வடக்கே கூடு கட்டி நெடுந்தூரம் வலசை போகும் இனங்கள் தள்ளிப்போடுகின்றன. மத்தியதரைக் கடல் பகுதியின் மஞ்சள்கால் கடற்காகக் குஞ்சு, கோடை முடிவதற்குள் தோள் இறகுகளை மாற்றத் தொடங்கியிருக்கும். அதே நேரத்தில் வடக்கத்திய ஹெர்ரிங் குஞ்சு இன்னும் கலையாத செதில் கோலத்தில் இருக்கும்.

முதிர்ந்தவற்றிலும் இப்படித்தான். குளிர்காலத்தின் நடுவில் ஹெர்ரிங், காஸ்பியன் பறவைகளின் இறக்கை நுனி முழுதாக வளர்ந்து முடிந்திருக்கும். சிறு கருமுதுகின் ஹியூக்ளின் உள்ளினத்துக்கு அப்போதும் வெளிப்புறச் சிறகுகள் வளர்ந்துகொண்டிருப்பதைக் காணலாம். பால்டிக் பகுதியின் கருமுதுகு உள்ளினமோ முதன்மைச் சிறகுகளில் பெரும்பாலானவற்றை ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும்போதுதான் மாற்றுகிறது. முதுகின் நிறத்தைச் சரியாக மதிப்பிட முடியாத தொலைவிலும், “இந்த மாதத்தில் இந்தச் சிறகு இன்னும் பாதிதான் வளர்ந்திருக்கிறது” என்ற ஒரே குறிப்பு வழிகாட்டிவிடும். இது துணைச் சான்றுதான். தனியாக நின்று தீர்ப்பு எழுதாது.

ஏமாற்றும் இடங்கள்

வெளுத்துப்போன முதல் சுற்றுப் பறவை முதலிடம். வசந்தத்தில் தூரத்தில் நிற்கும் வெள்ளைநிற இளம் கடற்காகத்தைக் கிளாக்கஸ், ஐஸ்லாந்து போன்ற இயல்பிலேயே வெளிறிய இனம் என்று சொல்லும் முன் முதன்மைச் சிறகுகளைப் பாருங்கள். உண்மையான கிளாக்கஸுக்கு அவை இயல்பிலேயே வெளிறியவை. அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் வெட்டியது போலக் கருப்பு. வெளுத்த ஹெர்ரிங்குக்கு மடித்த சிறகின் நிழலில் மறைந்த பகுதி இன்னும் கருமையாக இருக்கும்.

தேய்மானம் இன்னொன்று. கருப்பு நிறமி இறகைக் கெட்டிப்படுத்துகிறது. வெள்ளைப் பகுதிக்கு அந்த வலு இல்லை. அதனால் சிறகு முனையில் உள்ள வெள்ளைப் பொட்டுகள்தான் முதலில் தேயும். கோடையில் முதிர்ந்த பறவைக்கு அவை இல்லாமல் போவது இயல்பு. உதிர்வின் நடுவில் ஒன்பதாவதும் பத்தாவதும் விழுந்திருந்தால் வெள்ளைத் திட்டுகளும் அவற்றோடு போயிருக்கும், இறக்கை நுனி மொட்டையாகவும் தெரியும். பெரிய மூடு இறகுகள் உதிர்ந்த இடத்தில் அடியில் உள்ள வெண்மை வெளிப்பட்டு, எந்தக் கையேட்டிலும் இல்லாத வெள்ளைப் பட்டை ஒன்று இறக்கையில் முளைக்கும். விந்தையான கோலத்தைக் கண்டால் அரிய இனத்தை நினைப்பதற்கு முன் உதிர்வை நினையுங்கள்.

சாம்பல் அடர்த்தியை வெளிச்சம் படாத பாடு படுத்தும். கடும் வெயிலில் அது வெளிறும். பறவை உடலைச் சற்றுத் திருப்பினாலே ஒரு பங்கு கூடிக் குறையும். ஒரே திசையில் நிற்கும் இரண்டு பறவைகளை மட்டும் ஒப்பிடுங்கள். மேகமூட்டமான நாள் இதற்கு ஏற்றது. உடல் அளவும் அப்படியே: ஒரே இனத்தில் ஆண் பெரியது, அலகும் தடித்தது. சிறிய பெண் பறவை வேறு இனம் போலவே தோன்றும்.

கலப்பினங்களும் உண்டு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் கிளாக்கஸ்-சிறகுக் கடற்காகமும் மேற்குக் கடற்காகமும் தாராளமாகக் கலக்கின்றன. அங்கே கலப்புப் பறவை அரிதல்ல, அன்றாடம். வகைப்பாட்டாளர்களே இந்தக் குடும்பத்தில் எல்லைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். தேயர் கடற்காகத்தை 2017-இல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் ஐஸ்லாந்து கடற்காகத்தோடு சேர்த்தார்கள்; 2024-இல் ஹெர்ரிங் கடற்காகத்தைப் பல இனங்களாகப் பிரித்தார்கள். பழைய கையேட்டை வைத்திருப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

படமும் குறிப்பும்

நின்ற நிலையில் எடுத்த அழகான படம் ஒன்றைவிட, மங்கலானாலும் இறக்கை விரிந்த படங்கள் மூன்று மேல்: மேல்பக்கம், அடிப்பக்கம், வால். பறவை தரையிறங்கும் நேரத்திலும் சோம்பல் முறிக்கும் நேரத்திலும் தொடர்ச்சியாக எடுங்கள். வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து வையுங்கள். வெள்ளை இறகுகள் பொங்கிப்போனால் பொட்டும் கோடும் திரும்பக் கிடைக்காது. காலில் நிற வளையம் இருந்தால் அதில் உள்ள எழுத்துகளைப் படித்துவிடுங்கள். குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையம் என்றால், பதிவு செய்யும் நிலையத்திலிருந்து அந்தப் பறவை பிறந்த ஆண்டே உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் வயதுக் கணிப்பைச் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

குறிப்பேட்டில் தேதியை முதலில் எழுதுங்கள். இறகின் நிலை தேதியோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். பிறகு முதன்மைச் சிறகு முனை கூரா வட்டமா, எந்த எண் வரை புதியது, தோள் இறகும் மூடு இறகும் ஒரே தலைமுறையா, வால் பட்டை எப்படி, கடைசியாக அலகும் கண்ணும் காலும். இனத்தின் பெயருக்கான இடத்தை இவை எல்லாம் நிரம்பும் வரை காலியாக வையுங்கள். எல்லாம் நிரம்பியும் இரண்டு இனங்களுக்கு நடுவில் பறவை நின்றுவிட்டால், “பெரிய கடற்காகம், இரண்டாம் சுற்று, ஹெர்ரிங் அல்லது காஸ்பியன்” என்று எழுதிப் படங்களை அதோடு சேர்த்து வையுங்கள். அதே கரையில் அந்தப் பறவை அடுத்த ஆண்டு மூன்றாம் சுற்று உடுப்பில் வந்து நின்றால், விடுபட்ட பெயரை அப்போது எழுதிக்கொள்ளலாம்.